தரையைத் தொடாத பேருந்து

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கடல் பார்க்கக் கிளம்பிய காலையில் அவர்களுடைய பேருந்தின் சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அந்தரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் கியரை மாற்றிப் பார்த்தார், கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தார். டயரில் காற்று அதிகம் என்றார் கணக்கு ஆசிரியர். காற்றை இறக்கினார்கள். பேருந்து இன்னும் ஒரு சாண் ஏறியது.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் உள்ளே இல்லை. மற்றவர்களை வழியனுப்பப் பள்ளி வாசலில், சக்கர நாற்காலியில் இருந்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மணலில் நாற்காலி உருளாது, தூக்கி இறக்க ஆள் கிடையாது, எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்று தலைமையாசிரியர் முந்தின வாரமே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அதோடு விட்டாளா? இவ்வளவு அக்கறையாகச் சொன்னாரே என்று அவருடைய சுற்றுலாச் சட்டையைக் காசு வாங்காமல் தேய்த்தும் கொடுத்தாள். மொடமொடவென்று அந்தச் சட்டையில் அவர் நிற்பதைப் பார்த்ததும் ரேடியோவின் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். தங்கையை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

"விடுடி. இத்தனை வருஷம் இவள சேத்து வச்சிருக்காங்களே, அதுவே பெருசு" என்றாள் கூடவே வந்திருந்த அம்மா.

"சேத்து வைக்க இவ என்ன பழைய பேப்பராம்மா?"

அதற்குள் ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் கத்தத் தொடங்கியிருந்தார்கள். "சார், ரேடியோ வராம வண்டி எறங்காது சார்!"

தலைமையாசிரியர் வியர்த்து வழிய வாசலுக்கு வந்தார். ரேடியோவின் தலைக்கு மேலாக அம்மாவிடம் பேசினார். "சரிம்மா, ஏத்திவிடுங்க. வண்டிக்குப் பாரம் பத்தலயாம்."

அக்கா நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

"பாரம் வேணும்னா கல்லு ஏத்திக்குங்க சார். இவள கூட்டிட்டுப் போகணும்னா இவகிட்ட கேளுங்க. கால்தான் நடக்காது, காது நல்லாவே கேக்கும்."

அம்மா அக்காவின் கையைக் கிள்ளினாள். அக்கா பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. தலைமையாசிரியர் குனிந்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் முட்டி சொடக்கென்று ஒலிக்க, தரையில் குந்தினார். ரேடியோவின் கண்ணுக்கு நேராக அவர் முகம் வந்தது.

"நீ… வர்றியாம்மா?"

அவள் அவசரப்படவில்லை. "ஜன்னல் சீட்டு வேணும். மணல்ல உருளலன்னா நீங்கதான் இழுக்கணும்."

"இழுக்குறேன்."

பேருந்து இறங்கியது. தரையோடு நிற்கவும் இல்லை. எல்லாச் சக்கரங்களும் தார்ச்சாலைக்குள் மெத்தையில் அமிழ்வதுபோல் அமிழ்ந்து, உள்தளம் சாலையோடு சாலையாக வந்த பிறகே நின்றது. அக்கா பிரேக்கை எடுத்தாள். யாரும் தூக்கவில்லை. ரேடியோ தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் சட்டை கசங்கி, உப்புப் பூத்து, நாற்காலி இழுத்துக் கை சிவந்து திரும்பினார் தலைமையாசிரியர். ரேடியோ வழியெல்லாம் பேசி, வழியெல்லாம் வாந்தியும் எடுத்திருந்தாள், மற்ற பிள்ளைகளைப் போலவே.

அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பேருந்துகள் எல்லா நிறுத்தங்களிலும் அப்படித்தான் அமிழ்ந்து நிற்கின்றன. புது ஓட்டுநர்கள் முதல் நாள் மட்டும் கூச்சல் போடுவார்கள். மற்றபடி யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. இப்போது கல்லூரிக்குப் போகிற ரேடியோவும் அதில் முழங்கையால் இடித்துத்தான் இடம் பிடிக்கிறாள்.