ஒற்றைத் தும்மல்

என் மருமகன் ஜாய்சன் பெனால்டி அடிக்க ஓடிவந்து காலைத் தூக்கிய நொடியில்தான் எனக்குத் தும்மல் வந்தது. சாதாரணத் தும்மலா அது! நீலசந்திரா மைதானத்து வேப்பமரத்தில் இருந்த காகங்கள் எல்லாம் கிளம்பி, ஓசூர் தாண்டித்தான் இறங்கினவாம். வெளியே போன ஆட்டோ ஒன்று தானாகவே பிரேக் போட்டு நின்றது. பந்து மட்டும் நிற்கவில்லை. கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, யார் வீட்டு மாடியிலோ காய்ந்துகொண்டிருந்த வேட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டியில் வந்து நின்ற கோப்பை. எங்கள் பக்கத்துக் கடைசி அடி அது. இனி எதிரணி அல்சூர்க்காரன் தன் அடியைப் போட்டுவிட்டால் கோப்பை அவர்களுக்கு.

"ஒத்தத் தும்மல், ரெமி அண்ணா! ஒத்தத் தும்மல்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் எங்கள் கோச் ஆம்ப்ரோஸ். "தும்முறதுதான் தும்முனீங்க, கூட இன்னொண்ணு போட்டிருக்கக் கூடாதா?"

ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் முழங்காலிடுகிற மனிதர். ஆனால் ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை நல்லது என்பதில் அவருக்குள்ள விசுவாசத்தைக் கண்டால் பங்குச் சாமியாரே பொறாமைப்படுவார்.

"கப்பு மட்டும் போச்சுன்னா, இனிமே கிரவுண்டு பக்கமே வராதீங்க."

சிரித்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே சுருக்கென்றது. ரிட்டையரானவனுக்கு எல்லா நாளும் ஞாயிறு என்பார்கள். பொய். எனக்கு ஞாயிறு ஒன்றுதான் கிழமை. மைதானம் கைவிட்டுப் போனால் அதுவும் போச்சு.

அல்சூர் கூட்டமோ எனக்கு நாற்காலியே தூக்கி வந்து போட்டது. "அங்கிள், இல்லி கூத்கொள்ளி!" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார்கள். பின்னாலேயே டீயும் வந்தது. உட்கார்ந்து குடித்தேன். மரியாதையை மறுக்கலாமா?

"மாமா, நீங்க எந்த டீமு?" என்றான் ஜாய்சன், அழாத குறையாக.

அப்போதுதான் என் மனைவி நோரா எழுந்து வந்தாள். "ஏன் ஆம்ப்ரோஸ், ரெண்டாவது வந்தா தோஷம் போயிடும்தானே? பாதிதான் ஆயிருக்கு, இரு." டீ கிளாஸைப் பிடுங்கினாள். என் தாடையைப் பிடித்து முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினாள். வெயிலைப் பார்த்தால் எனக்குத் தும்மல் வரும் என்பது, கல்யாண போட்டோ எடுத்த அன்றே அவளுக்குத் தெரிந்துபோன ரகசியம்.

மூக்கு மெல்லக் குறுகுறுத்தது. ஆம்ப்ரோஸ் ஜெபமாலையை வெளியே எடுத்தார். விசில் ஊதியாகிவிட்டது. கண்ணோரத்தில் தெரிந்தான் அல்சூர்க்காரன். பந்தையும் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் மூக்கையே பார்த்தபடி நின்றான்.