பால் கொடுப்பவளுக்கு ஒரு நைட்டி

ஸ்டீவன் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் வெல்டர். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். காயலான் கடை இரும்பை வாங்கி வந்து, பின்பக்கத்தில் அதை மனிதர்களாகப் பற்ற வைத்துக்கொண்டிருப்பான். அவன் இருந்தவரை எங்கள் தெருவில் ஒருவரும் அதைச் சிலை என்று சொன்னதில்லை. சத்தம் என்றுதான் சொன்னோம். அவன் செத்த பிறகு சென்னையிலிருந்து யாரோ வந்து போட்டோ பிடித்துப் பேப்பரில் போட்டார்கள். மறுநாளே எல்லோரும் சிற்பி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிட்டோம்.

அவன் மனைவி ஹெலன் ஐந்து சிலைகளையும் ஊருக்கே கொடுப்பதாகச் சொன்னாள். நூலகம், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு என்று இடத்துக்கொன்று. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது ஒரு தாய். பைக் செயின் கூந்தல், மடியில் குழந்தை, திறந்த மார்பு. தடுப்பூசிக்கு வரும் பெண்கள் அங்கே சுவர்ப்பக்கம் திரும்பி ஒடுங்கிக்கொண்டு பால் கொடுப்பார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கொடுக்கிற ஒருத்தியாவது அங்கே இருக்கட்டும் என்று ஸ்டீவன் கடைசியாகச் செய்தது அது. ஹெலன் கேட்டதும் ஒன்றுதான்: அவளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கவுன்சிலர் ஆதிகேசவன் தலையாட்டி, சால்வை போட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். மாத்திரை வீட்டில் நிறைய இருந்தது. அது வேறு விஷயம். போய்ப் பார்த்தால் சிலை நைட்டி போட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் பூ போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு, குழந்தை உள்ளே மூட்டை மாதிரி புடைத்துக்கொண்டு. கவுன்சிலர் மனைவி சுமலதாவின் உபகாரமாம். கைக்கெட்டும் இடத்தில் துணி தொங்கினால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கையைத் துடைத்திருந்தார்கள், குழந்தைகளின் மூக்கைத் துடைத்திருந்தார்கள், ஓரத்தில் வெற்றிலை எச்சில் வேறு. ஈ மொய்த்தது. நேரே ஹெலன் வீட்டுக்குத்தான் போனேன். இதையெல்லாம் போனில் சொன்னால் நன்றாக இருக்காது.

மறுநாள் காலை ஹெலன் வந்து நைட்டியைப் பிடித்து உருவினாள். சுமலதா ஓடிவந்தாள்.

“யக்கா, இன்னா பண்றே? ஆம்பளைங்க வர்ற எடம்!”

“ஆம்பளைங்க இன்னா குடிச்சி வளந்தாங்களாம், டீயா?”

“மானம் வாணாமா?”

“இந்த எச்சித் துணிதான் மானமா? எத்துக்கினு போய் உங்க ஊட்டுக்காரருக்கு மாட்டி உடு. மேடைல ஜோரா இருப்பாரு.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று.

அந்த வாரமே சிலையின் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு தகரத்தை வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். ரோஸ் கலர் பெயின்ட். எங்கள் ஊரில் டியூப் லைட்டானாலும் சரி, சுடுகாட்டு பெஞ்சானாலும் சரி, கொடுத்தவர் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். இங்கேயும் எழுதியிருந்தது, மார்புக்கு நேராக: ‘உபயம்: ஆதிகேசவன், வார்டு கவுன்சிலர்’. செய்தவன் பெயரும் இல்லை, கொடுத்தவள் பெயரும் இல்லை.

ஹெலன் ஸ்டீவனின் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து, ஊசி போடும் அறையின் ப்ளக்கில் மாட்டி, ஒருவரையும் கேட்காமல் அறுத்தாள். தகரம் கீழே விழுந்தது. ஆனால் வெல்டிங் பிடித்த இடமெல்லாம் பொத்தல். ஒரு மார்பு பாதி உருகிப் போயிருந்தது. குழந்தையின் வாய் இருந்த இடத்தில் ஒரு இரும்புக் கட்டி. ஹெலன் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

தகவல் கேட்டு ஆதிகேசவன் வந்து சேர்ந்தார்.

“ஹெலன்மா, கவுருமெண்டு சொத்துல கை வெக்கறே. சரி, உடு, நம்ம பொண்ணு. பஸ் ஸ்டாண்டு சிலைய ஏத்த வண்டி அனுப்பட்டா? சால்வைக்குக்கூட சொல்லிட்டேன்.”

இதையும் சிரித்துக்கொண்டே கேட்டார் அந்த மனிதர்.

“அனுப்பாதீங்க. மீதி நாலும் என் ஊட்டு மழைலயே நனையட்டும். துரு துன்னா துன்னட்டும். அது பேரு எழுதிக்கினு துன்னாது.”

அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆதிகேசவன் குனிந்து தகரத்தை எடுத்தார். பெயர் இருந்த பக்கத்தை மட்டும் துண்டால் துடைத்து, பத்திரமாக வண்டியில் வைத்துக்கொண்டார்.