ஒட்டுப்போட்ட கத்தி

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் ‘கடுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், காரத்துக்குக் குறைச்சல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறி வந்த சத்தத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு இது பழக்கம்தான்.

விஷயம் கத்தி. சும்மா கத்தி இல்லை, மடக்குக் கத்தி. விரல் நீளத்துக்குள் ரம்பம், திருப்புளி, டின் திறப்பான், குட்டிக் கத்திரி என்று ஒரு பட்டறையையே மடித்து வைத்திருக்கும் சாமான். கடுகு பல வருஷமாக அதைச் சேர்க்கிறார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இதுவும் கூடாது என்றால் மனுஷன் எதற்குத்தான் சம்பாதிப்பது?

சேர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடி, கத்திக்குக் கத்தி மாற்றிக்கொள்வார்கள். அங்கே பெரிய பாவம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு கத்தியின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி, அசல் என்று தலையில் கட்டுவது. அதற்கு ‘ஒட்டு’ என்று பெயர். ஒட்டை மறைத்துக் கொடுத்தவரோடு அப்புறம் யாரும் மாற்ற மாட்டார்கள், பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாற்றும்போது சோதிப்பதைத் தவிர, உயர்ந்த கத்தியை யாரும் திறப்பதே இல்லை. திறந்தால் கீறல் விழுமாம். பெட்டியில் வைத்து மேலே மட்டும் துடைப்பார்கள். கடுகும் தன் கறுப்புப் பிடிக் கத்தியை அப்படித்தான் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தார்.

அதைத்தான் அன்று கூட்டத்துக்கு மாற்றக் கொண்டுபோயிருந்தார். கூட்டத்தில் மூத்தவரான கடிகாரக்காரர் அதை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கத்திரியை நகத்தால் நெம்பினார்.

“இந்தக் கத்திரி இதோடது இல்லையே தம்பி. அந்தக் காலத்துல இதுக்கு ஆணி அடிச்சிருப்பாங்க. இதுல ஸ்க்ரூ இருக்கு.”

பின்னறையே திரும்பிப் பார்த்தது.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றார் கடுகு.

“இத்தனை வருஷம் உங்க கையில இருக்கு. தெரியாதுன்னா எப்படி?”

கடிகாரக்காரர் கத்தவில்லை. பெட்டியை மூடி மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கடுகுக்கு.

வீட்டில் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியை மேஜையில் வீசினார்.

“இதுல கத்திரியை மாத்தி வெச்சது உன் தம்பி வேலைதானே? வந்து ஒரு வாரம் காலை நீட்டிக்கிட்டுக் கிடந்தானே. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டுப் போயிருக்கான். என்னைத் திருடன்னு பாக்கறாங்க அங்க.”

மச்சான் மேல் அவருக்கு முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. கடன் கேட்காத மச்சான் என்பதே சந்தேகத்துக்குரிய விஷயம் என்பது அவர் கட்சி. ஃபோனை எடுத்து நம்பரைத் தேடினார்.

“அவனுக்குப் போடாதீங்க,” என்றாள் மனைவி. “நான்தான்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஒருநாள் காலையில சட்டைப் பட்டன் தெறிச்சுதுன்னு குதிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? தைச்சுட்டேன், நூலை வெட்டக் கத்திரி கிடைக்கல. நீங்க வாசல்ல நின்னு சாமியாடிட்டு இருந்தீங்க. கைக்கு இதுதான் பட்டுது. அவசரத்துல அமுக்கினேன், ஒடைஞ்சு போச்சு. சாவி போடற கடையில குடுத்தேன். வேற கத்தியிலேர்ந்து எடுத்து மாட்டிக் குடுத்தாரு.”

கடுகுக்கு ரத்தம் தலைக்கேறியது. பொண்டாட்டியே அப்படிச் செய்திருக்கிறாள், அதுவும் ஒரு பட்டனுக்காக.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று அவர் போட்ட சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. “வாய்ல என்ன கொழுக்கட்டையா? ஏன் சொல்லல?”

அவள் அதிரவில்லை.

“இதுக்குத்தான்,” என்றாள்.

அவள் அவர் கையிலிருந்த ஃபோனை வாங்கி, கடிகாரக்காரரின் நம்பரை அவளே தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஐயா, அவரோட வீட்டம்மா பேசறேன். கத்திரியை மாத்துனது நான். அவருக்குத் தெரியவே தெரியாது.”

“அப்படியாம்மா? இப்பதான் மனசு ஆறுச்சு. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையேன்னு பாத்தேன். எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்.” கிழவர் ஒரு நிமிஷம் இருமினார். “ஆனா அன்னிக்கே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?”

மனைவி கடுகைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி அவள் சொன்னால் போதும், பின்னறை முழுக்க அவர் வீட்டில் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துபோகும். சொல்லாதே என்று கேட்க அவருக்கு யோக்கியதையும் இல்லை.

“மறந்துட்டேங்க,” என்றாள் அவள்.

ஃபோனை அவரிடம் நீட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சட்டையைத் தேய்க்கத் தொடங்கினாள். கடுகுக்குக் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அதைக் கொட்டுவதற்குத் தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.