மருதை சார் நிறுத்தி வைத்த ஆட்டம்

1956ஆம் வருடம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கம் தீவுப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அப்துல் சுக்கூர் உதைத்த பந்து, கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், தலை உயரத்தில், அந்தரத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தவர்கள் அது அங்கேயே இருப்பதாகவும் மேலே ஒரு காக்கை உட்கார்ந்திருப்பதாகவும் வந்து சொன்னார்கள். பந்தைக் குறை சொல்வதற்கில்லை. மருதை சார் விசில் ஊதினால் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம். பையன்கள் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்பார்கள். மேய வந்த ஆடுகூட வாயில் புல்லோடு நிற்கும். பந்து ஒன்றுதான் அதுவரை அடங்காமல் உருண்டுகொண்டிருந்தது. அன்றைக்கு அதுவும் அடங்கியது, அவ்வளவுதான்.

மருதை சார் பூகோள வாத்தியார், ஃபுட்பால் கோச்சும் அவரே. இரண்டையும் அவர் வேறு வேறாகப் பார்த்ததில்லை. லெஃப்ட் விங்கில் ஓடுகிறவனை "தென்மேற்குப் பருவக்காற்றே" என்றுதான் கூப்பிடுவார். பந்தைக் கோட்டைவிட்டவன் காவிரியின் உபநதிகளைச் சொல்லிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வரவேண்டும். கை நீட்டி ஒருவனை அடித்தது கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அவித்த கடலையைத் தன் தொப்பியில் கொட்டி நடுவில் வைப்பார், பையன்கள் சுற்றி உட்கார்ந்து மொய்ப்பார்கள். சம்சாரம் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. அந்தச் சனிக்கிழமை எஸ்.எஸ்.எல்.சி. பையன்களுக்குக் கடைசி ஆட்டம். தன் பையன்களையே இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டிருந்தார். ஒரு பக்கத்துக்குக் கோல் காத்தவன் பாலக்கரை செபஸ்தியான், சுக்கூரின் உயிர் சிநேகிதன். விசில் ஊதியபோது அவன் பந்தை நோக்கிப் பாய்ந்திருந்தான். விரலுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண். அவனும் கொஞ்ச நேரம் அந்தரத்தில்தான் கிடந்தான். சார் வந்து, நீ இறங்கப்பா என்றதும் இறங்கினான். பந்துக்கு அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு ஊதினீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். இருபத்திரண்டு பேரும் ஒருசேர வந்து அவரவர் இடத்தில் நின்றால்தான் மறுவிசில், அதுவரை ஆட்டம் முடிந்ததாகாது, இப்போது போய்ப் பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஊர் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஹெட்மாஸ்டர்கள் ஒவ்வொருவரும் அதில் ஒரு தடவை முட்டிக்கொண்டார்கள். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஏன் அழிந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கூட்டத்தில் சிலர் வழி தவறி வந்து பந்தைச் சேவித்துவிட்டுப் போனார்கள். உத்தர வீதிப் பெரியவர் ஒருவர், பகவத் சங்கல்பம் எதில் இருக்கிறதென்று நாம் கண்டோமா என்று சொல்லி விவகாரத்தை முடித்துவைத்தார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருடம் தண்ணீர் பந்தின் அடிவரை ஏறி, தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நாளாக ஆகப் பந்தில் காற்று இறங்கும் அல்லவா, அதற்காகச் சார் சைக்கிள் பம்பும் ஸ்டூலுமாக வந்து காற்றடித்துவிட்டுப் போவார். ஆட்டத்தில் இருக்கிற பந்து இளைத்துப் போகக் கூடாது என்பார்.

பாவம், செபஸ்தியான்தான் மாட்டிக்கொண்டான். அவன் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கிற உத்தியோகத்தில் சேர்ந்தான், கல்யாணம் பண்ணினான், தொப்பையும் போட்டான். ஆனால் அந்தப் பந்தைப் பிடித்திருப்பானா மாட்டானா என்பது மட்டும் அவனுக்கே தெரியவில்லை. காந்தி மார்க்கெட்டில் அதற்கு இரண்டு கட்சி இருந்தது. கவுண்டருக்கு வருகிறவர்கள் லால்குடிக்கு ஒரு டிக்கெட் கேட்டுவிட்டு, அது கோல்தானே என்று தலையை உள்ளே நீட்டுவார்கள். தூக்கத்தில் அவன் வலது கை தானாக நீளும். பெண்டாட்டி அந்தோணியம்மாள் தலையணையைச் சுவரோரம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். சாவதற்குள் தெரிந்துவிட்டால் போதும் என்று அவன் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தான். வருடத்துக்கு ஒருமுறை சார் எல்லோருக்கும் நாள் சொல்லி அனுப்புவார். வருடத்துக்கு ஒருவன் வராமல் போவான். ஒரு தடவை தை அறுவடை, வீரமலையால் களத்தைவிட்டு வரமுடியவில்லை. ஒரு தடவை நோன்புப் பெருநாள், பரக்கத் அலி வரவில்லை. சுக்கூர் பினாங்கில் கடைக்குப் போனபிறகு, அவன் ஊருக்கு வந்து திரும்பக் கப்பலேறிய மறுவாரமே நாள் விழும். வந்தவர்கள் கடலை தின்பார்கள், சார் ஒவ்வொருவனிடமும் பிள்ளைகள் பெயர்முதல் விசாரிப்பார், கலைவார்கள். செபஸ்தியான் மட்டும் பந்தை ஒருமுறை முறைத்துவிட்டுப் போவான்.

1967இல் சாருக்கு ரிட்டயர்மெண்ட் வந்தது. துறையூரில் இருந்த அக்கா வீட்டோடு போய்விடுவதாகப் பெட்டி கட்டினார். செபஸ்தியானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போய்விட்டால் விசில் யார் ஊதுவது? சாரிடம் மூச்சுவிடாமல் அவனே எல்லோருக்கும் ஆளனுப்பினான். சுக்கூர் நாகப்பட்டினத்தில் வந்து இறங்குகிற நாளைப் பார்த்துத் தேதி குறித்தான். வீரமலையின் நெல்லை மூட்டை கட்ட ஆள் பிடித்துக் கொடுத்தான், கோர்ட்டில் கேஸ் வைத்திருந்தவனுக்கு வாய்தா வாங்கிக் கொடுத்தான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வழுக்கையும் மீசையும் வேட்டியும் பேண்டுமாக இருபத்திரண்டு பேரும் மைதானத்தில் அவரவர் இடத்தில் நின்றார்கள். சாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினான் செபஸ்தியான். பிறகு ஓடிப்போய்க் கோலில் குனிந்தான்.

சார் விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது, சத்தம் வரவில்லை. மறுபடி உப்பியது. விசிலில் கோளாறு ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். செபஸ்தியான் பந்தைப் பார்க்க வேண்டிய கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தான். ஸ்கூல் விட்டபிறகும் கூட்டிப்போக ஆள் வராத குழந்தையின் முகமாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அறுவடை, பெருநாள், கப்பல் போன மறுவாரம். யாருக்கு எந்த நாள் ஆகாதென்று ஒவ்வொன்றாக விசாரித்து வைத்துக்கொண்டு, இந்த மனுஷன் பதினொரு வருடமாகத் தங்களைக் கலையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்; தான் ஒரு முட்டாள், எல்லோரையும் கூட்டிவந்து ஒரே விசிலில் கலைக்கப் பார்த்தவன். ஆனால் ஆசை மட்டும் லேசில் விடுமா? பந்து எதிரேதான் இருந்தது, கை பரபரத்தது. கையைத் தொடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"சார், ஒரு ஆள் குறையுது சார்."

சார் விசிலை எடுத்துவிட்டு விரல் நீட்டி எண்ணினார். பாரத தேசத்து மாகாணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர், இருபத்திரண்டு என்று அவர் உதடு அசைந்ததைப் பத்துப் பேராவது பார்த்தார்கள். ஆமாம், குறைகிறது என்றார். வீரமலை எண்ணினான், அவனுக்கும் ஒன்று குறைந்தது. பரக்கத் அலி விரல் மடக்கி எண்ணி, ஒன்றுதான் குறைகிறது என்று ஊர்ஜிதம் செய்தான். ஆனால் குறைகிற ஆள் யாரென்று தெரியவேண்டாமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அப்துல் சுக்கூர், பினாங்குச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கைகட்டி முன்னால் வந்தான்.

"நான்தான் சார். நான் இன்னும் பினாங்குலேருந்து வரல."

சார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் தூசி விழுந்தது போலிருக்கிறது, சட்டையால் துடைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, கப்பலேறி இவ்வளவு தூரம் வந்துட்டு, வராம இருந்தா எப்படி? அடுத்த வருஷமாவது வந்து சேரு."

சரிங்க சார் என்றான் சுக்கூர். செபஸ்தியான் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். ஆட்டம் பாதியில் நிற்பதால் இப்போதைக்கு அங்கே வரத் தோதுப்படாது என்று சார் மறுநாள் துறையூர் அக்காவுக்குக் கார்டு போட்டார்.