மூணு செண்டும் ரெட்டை முண்டும்

கேரளத் தலைநகரின் ஆரியசாலையில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் முப்பது வருஷமாகத் தராசு பிடிக்கிறவர் வன்னியபெருமாள். பேரத்தில் யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் பாதி தோற்றார் என்பது அந்தத் தெரு அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே படிப்பு. வாங்க வந்தவன் சாக்கில் கைவிட்டு நாலு வத்தலை ஒடித்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தால் அவன் வாங்கத்தான் போகிறான். சரக்கு அருமை என்று புகழ்கிறவன் காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவான். இப்படி ஆளை எடை போட்டுப் பழகிய மனிதர், வில்லேஜ் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்ததும் தன் அவசரம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

“மகளுக்கு நர்ஸிங் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு மேடம். வெள்ளிக்கெழமைக்குள்ள சாதி சர்ட்டிபிகேட்டு கொண்டு காட்டணுமாம். இன்னைக்குத் திங்கள்.”

வில்லேஜ் ஆபீசர் சரசம்மா கெட்டவள் இல்லை. பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசுகிறவள். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தாள்.

“சேட்டா, பட்டியல் சாதின்னு தாசில்தார் எழுதணும்னா உங்க குடும்பம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பதுக்கு முன்னயே இங்க தாமசம், குடியிருப்புன்னு ஞான் ரிப்போர்ட்டு கொடுக்கணும். பின்னாடி வந்தவங்களுக்குத் தமிழ்நாட்டுலயாக்கும் கொடுப்பாங்க.”

“அங்கயும் போனேன் மேடம். நீ பொறந்தது கேரளா, ஒன் அப்பன் செத்தது கேரளா, இங்க ஒனக்கு என்ன சோலிங்கான்.”

“அப்போ ரேகை, ஆதாரம் வேணும். பழைய ரேஷன் கார்டு, வரி கட்டின ரசீது, ஏதாவது ஒரு தாளு.”

“வரி கட்ட எங்களுக்கு எங்க மேடம் பூமி?”

அவள் பேனாவை மூடினாள். “உங்க தாத்தா, அப்பூப்பன், யாரோட இடத்துல தாமசிச்சாரோ அந்த வீட்டுக்காரங்க ஒரு கடிதாசு தரட்டும். கூட ஒரு பழைய தாளும் இருந்தா ஞான் எழுதிடுவேன். நம்ம பிள்ளை படிக்கட்டும்.”

வன்னியபெருமாளுக்குப் பாதி உயிர் வந்தது. மகள் பொன்செல்வியின் சீட்டு அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. தாள் இல்லாவிட்டால் அவள் பொதுப் பட்டியலில் எங்கோ அடியில் போய் விழுவாள். பணம் கட்டிப் படிக்கும் காலேஜ் பக்கம் அவர்கள் நிழல்கூடப் போகாது. பள்ளிக்கூடத்தில் சாதியை வாயால் சொன்னது போதுமாக இருந்தது. அந்தத் தைரியத்தில், நர்ஸிங் பிள்ளைகள் போடும் வெள்ளைச் செருப்பைச் சாலை எனப்படும் பக்கத்துக் கடைவீதியில் எண்ணூறு சொன்னதை ஐந்நூற்றைம்பதுக்கு அடித்துப் பேசி அவர் முன்கூட்டியே வாங்கிவிட்டிருந்தார்.

அந்த வீட்டுக்காரர்கள் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைக்குள் இருந்தார்கள். பிச்சுமணி ஐயர் வீடு. இரண்டு குடும்பமும் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் ஒரே கால்வாயில் குளித்தவர்கள்தான். ஒருவர் மேலே குளித்தார், மற்றவர் கீழே. ஐயர் வீட்டார் கோயில் மடைப்பள்ளி வேலைக்காக ஆரல்வாய்மொழி வழியாக வண்டியில் வந்தார்கள். வந்த இடத்தில் கக்கூஸ் எடுக்க ஆள் வேண்டுமே. ஊரிலிருந்தே வரவழைத்தார்கள். வன்னியபெருமாளின் தாத்தா சுடலைமுத்து, பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதே வழியாக நடந்து வந்தார். வண்டியில் வந்தவருக்குத் தெருவில் வீடு. நடந்து வந்தவருக்கு அந்த வீட்டின் பின்சந்தில் ஓலைச் சாய்ப்பு. எண்பது வருஷத்தில் ஒரு குடும்பம் மடைப்பள்ளியிலிருந்து சர்க்கார் ஆபீசுக்கும், அங்கிருந்து கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிக் கம்ப்யூட்டருக்கும் போயிற்று. மற்றது கக்கூஸிலிருந்து மூட்டைக்கும், மூட்டையிலிருந்து தராசுக்கும் வந்து நின்றது. எடைக்கல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரு தட்டின்மேல் யாரோ கட்டைவிரலை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீட்டைப் பற்றி வன்னியபெருமாளின் அப்பா பகவதிப்பெருமாள் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கதை சொல்வார். எழுபதாம் வருஷம். அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டு நாள்பட இருப்பவனுக்கு நகரத்தில் மூன்று செண்டு மனை சொந்தம் என்று சட்டம் வந்த சமயம். கணக்கெடுக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றதும் முந்தின நாள் பிச்சுமணி ஐயர் பகவதிப்பெருமாளைக் கூப்பிட்டுவிட்டார். “போன கார்த்திகைக்குத்தான் ஊர்லேர்ந்து வந்தேன்னு சொல்லிடு. உன்னை நான் கைவிட மாட்டேன்.” அப்பா அப்படியே சொல்லி, கைநாட்டும் வைத்தார். அன்றைக்கு ஐயர் அவரை முன்வாசலில் நிற்கவைத்துச் சரிகைக் கரை போட்ட ரெட்டை முண்டு, எட்டு முழ வேட்டி, கொடுத்தார். சந்து வழியாகவே வந்து போன மனிதருக்கு முன்வாசல். “ஐயர் வீடே என் நாக்குலல்லாடே நின்னுச்சு” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குள் பைப்பு வைத்த கக்கூஸ் வந்தது, சாய்ப்பைப் பிரித்தார்கள், குடும்பம் கிள்ளியாற்றங்கரைப் புறம்போக்குக்குப் போனது. அது தனிக் கதை, அதை அப்பா சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வன்னியபெருமாள் கால் கிலோ குண்டு வத்தலோடு போய் நின்றார். பிச்சுமணி ஐயரின் மகன் ஆனந்தகிருஷ்ணன் சர்க்கார் ஆபீசில் ரிட்டையர் ஆனவர்; சாய்வு நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி விஜயலக்ஷ்மி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை, உட்கார வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் பாதி உட்கார்ந்தார்.

“வா வன்னியா, பாத்து எத்தனை நாளாச்சு. வத்தல் எதுக்கு? டாக்டர் காரமே தொடப்டாதுன்னுட்டார்.”

“மாமிக்குத் தாளிக்க ஆகும் சாமி.”

இந்தத் தடவை முதலிலேயே கொட்டவில்லை. வத்தல் விலை பேசினார், மழை பேசினார், அப்புறம்தான் தும்மல் வந்ததுபோலக் கடிதாசு விஷயத்தைச் சொன்னார். ஆனந்தகிருஷ்ணன் சட்டென்று எழுந்தார்.

“இதுக்கா இவ்வளவு தயங்கறே? எங்க அப்பா ஒரு தாளைத் தூரப் போட மாட்டார், கேட்டியோ.”

தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு அட்டை வந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷத்து ரேஷன் கார்டு. வீட்டார் எட்டுப் பேருக்கு அடியில் ஒரு வரி: புறவேலை சுடலைமுத்து, பாரியை, மகன் பகவதிப்பெருமாள் வயது எட்டு. அந்த மூன்று பேரின் அரிசியும் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் சாய்ப்புக்கு எவ்வளவு போனது என்பதற்குக் கார்டில் இடம் இல்லை. ஆனாலும் தாத்தாவின் பெயரை எழுத்தில் வன்னியபெருமாள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

“எதுக்கும் அனந்த்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கோ” என்றாள் விஜயலக்ஷ்மி.

கழக்கூட்டத்திலிருந்த மகன் அனந்த் போனில் வந்தான். ஸ்பீக்கரில் போட்டதை அவன் அறியவில்லை.

“அப்பா, ஒண்ணும் எழுதிக் கொடுக்காதீங்கோ. வியாழக்கிழமை வீட்டு ரெஜிஸ்ட்ரேஷன். எழுபது எம்பது வருஷம் முன்னாடியே ஒரு ஃபேமிலி பின்னாடி குடியிருந்ததுன்னு நாமே எழுதினா, வாங்கறவாளோட வக்கீல் ஓடிடுவார். அந்த மூணு செண்டு கிளெய்ம் இன்னும் இருக்கு, புரியறதா?”

வீட்டை விற்கிறார்கள் என்பது வன்னியபெருமாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது: இவர்கள் பயப்படுகிறார்கள். மூன்று செண்டைப் பற்றி அவர் ராத்திரி கனவில்கூட நினைத்ததில்லை. இருந்தாலும் முப்பது வருஷத் தராசுக் கை சும்மா இருக்குமா?

“கோட்டைக்குள்ள இப்போ செண்டு என்ன வெல சாமி போகுது?” என்று ஒரு வத்தலை எடுத்து ஒடித்தார்.

ஆனந்தகிருஷ்ணன் பாய்ந்து ஸ்பீக்கரை அணைத்தார்.

அதற்குப் பிறகு பேரம் வழுக்கிக்கொண்டு போனது. தனக்கோ தன் வாரிசுகளுக்கோ அந்த மனையில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று வன்னியபெருமாள் முத்திரைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது. அவர்கள் கடிதாசும் கார்டும் தர வேண்டியது. இல்லாத சரக்கைக் கொடுத்து இருக்கிற சரக்கை வாங்குகிறோம் என்று அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. புதன்கிழமை அனந்தின் வக்கீல் மலையாளத்தில் நாலு பக்கம் அடித்துக்கொண்டு வந்தார். வன்னியபெருமாள் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கடைசிப் பாராவை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

“பத்திரத்துல எனக்கும் ஒரு காப்பி வேணும். பின்னால சேத்து வச்சிருக்க தாளோட. ஆரியசாலையில காப்பி இல்லாம யாரும் கை கழுவ மாட்டோம் சாமி.”

“தாராளமா” என்றார் வக்கீல்.

“உங்க அப்பாவோட விசுவாசம் அப்படியே உன்கிட்ட இருக்கு” என்றாள் விஜயலக்ஷ்மி. வன்னியபெருமாள் ஸ்டூலில் முழுசாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் பொன்செல்வி வெள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து பார்த்தாள். “கடிக்குதா?” என்றார். “கொறச்சு. பழகிடும்” என்றாள்.

வியாழன் காலை பத்து மணிக்குச் சரசம்மாவின் மேஜையில் கடிதாசு, கார்டு, பத்திரம் மூன்றையும் வரிசையாக வைத்தார். மூட்டை அதிகம் இருந்தால் கடைக்கு மதிப்பு. தாளும் அப்படித்தான் என்று அவர் கணக்கு. சரசம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஒவ்வொன்றிலும் சீல் குத்தி, நம்பர் போட்டு, அதற்குப் பிறகு படிக்கத் தொடங்கினாள். கார்டைப் பார்த்துத் தலையாட்டினாள். கடிதாசைப் பார்த்துத் தலையாட்டினாள். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

“சேட்டா, இது படிச்சீங்களா?”

“கடைசி வரைக்கும் படிச்சேன் மேடம்.”

“நடுவுல?”

அவள் படித்துக் காட்டினாள். மேற்படி பகவதிப்பெருமாள் எழுபதாம் வருஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முன்பாகச் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலப்படி, அவர் அதற்கு முந்தின கார்த்திகையில்தான் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து முதன்முதலாக இவ்வூருக்கு வந்தவர். பின்னால் அதன் நகலும் இருந்தது. பிச்சுமணி ஐயர் எந்தத் தாளையும் தூரப் போடாத மனிதர். அப்பாவின் கட்டைவிரல் மசி ஐம்பத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகும் அழுத்தமாகவே இருந்தது.

“அதைக் கிழிச்சுப் போட்டுருங்க மேடம்.”

“சீல் வச்சாச்சு. கொண்டு தந்தது நீங்களாக்கும்.”

“கார்டு இருக்குல்லா? நாப்பத்தொம்பது.”

“கார்டு வீட்டுக்காரங்க எழுதிச்ச பேரு. இது சர்க்கார் ஆளு முன்னாடி உங்க அப்பா சொன்ன சத்தியம். தாசில்தார் எதை நம்புவார்?”

வன்னியபெருமாள் பெஞ்சிலிருந்து எழுந்தார். தீபாவளிக் கதை, முன்வாசல், சரிகைக் கரை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஆபீசில் ஆறேழு பேர் இருந்தார்கள்.

“எங்க அப்பா சொன்னது பொய் மேடம்” என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரசம்மா குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பொய்யை யாரு சொல்லச் சொன்னதுன்னு ஐயர் வீட்டுல ஒரு வரி எழுதித் தரட்டும். ஞான் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

கோட்டைக்குள் அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அனந்த் கையில் பைல். ஆனந்தகிருஷ்ணன் வேஷ்டியைச் சரிசெய்தபடி அவர் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் வேஷ்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வன்னியா, எங்க அப்பா போய் முப்பது வருஷம் ஆச்சு. போனவர் பொய் சொல்ல வச்சார்னு என்னை எழுதச் சொல்றியா?”

“எங்க அப்பாவும் போயிட்டாரு சாமி. அவரு பொய் சொன்னாருன்னு நான் அங்க சொல்லிட்டுத்தான் வாரேன்.”

விஜயலக்ஷ்மி, “ஒரு வரிதானே” என்று தொடங்கினாள்.

“அம்மா, வாக்குமூலம் பொய்னா பத்திரமும் நிக்காது. அந்த ஒரு வரியில வீடு போயிடும்” என்றான் அனந்த். பிறகு பர்ஸை எடுத்தான். “அண்ணா, எங்களால ஆனதைப் பண்றோம். ஃபீசுக்கு வச்சுக்கோங்கோ. அஞ்சாயிரம்.”

முதலில் விலை சொன்னது அவன்தான். ஆரியசாலைக் கணக்குப்படி இனி வன்னியபெருமாள் ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் ஏற்றுவதற்குக் கையில் சரக்கு வேண்டும். இருந்த மூன்று செண்டை, இருக்கிறது என்றே நம்பாமல், நேற்றுத்தான் காப்பியோடு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்பா ஒரு தடவை விற்றார். அதையே மகன் இன்னொரு தடவை விற்றுவிட்டான்.

பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கிக்கொண்டார். புறம்போக்குக் குடிசைக்காரர் கையில் ஐயாயிரம் வந்து விழுந்தால் விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். கார் போனது. அவர் தெரு முனைவரை முன்வழியாகவே நடந்தார்.

வீட்டில் பொன்செல்வி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. அவள் அம்மா சுடலைமாடத்தி ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்து, ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“தாத்தாவுக்கு அன்னைக்கு என்ன கொடுத்தாங்கன்னு சொன்னீங்க?”

“ரெட்டை முண்டு.”

“எங்க அது?”

“அவரைக் கொளுத்தும்போது மேல போட்டோம்.”

அவள் மேஜைமேல் கிடந்த பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களைப் பார்த்தாள். “ஒங்களுக்கு வெல கூடியிருக்கு” என்றாள். பிறகு அப்படிச் சொன்னதற்காக அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சாரமில்லப்பா, போகட்டும். அம்மா ஹோட்டல்ல பில்லு போட ஆள் தேடுறாங்கல்லா? திங்கக்கெழமை போறேன்.”

பரணிலிருந்து செருப்புப் பெட்டியை இறக்கினாள். வெள்ளைச் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்து, உள்ளே தாள் திணித்து, பழையபடி அடுக்கினாள்.

“சாலைக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா, கேட்டுப் பாருங்க. ஒரு நேரந்தான் போட்டேன். பில்லு இருக்கு.”

அடித்துப் பேசி வாங்கிய சரக்கைச் சாலைக் கடைவீதியில் யாரும் திருப்பி எடுப்பதில்லை. வன்னியபெருமாளுக்கு அது தெரியும். அவர் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.