அக்கரைக்குக் கேட்க வேண்டும்

“அத்தான், இன்னும் ஒரு முழம் ஏறுங்க. அந்தக் கொப்பு மறைக்குது!”

கீழே நின்று கத்தியவன் கோணாமலை. கையிலிருந்த ஒலிபெருக்கி ஹோனை அவன் தலையிலேயே போட்டுவிடலாமா என்றிருந்தது அருமைநாயகத்துக்கு. அறுபதைத் தாண்டிய மனிதர், விடியற்காலையில் பெண்சாதியைப் பறிகொடுத்தவர், வாவிக்கரைப் பூவரச மரத்தின் கவட்டில் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு ஒலிபெருக்கி கட்டுகிறார். உதவிக்கு வந்த மச்சானோ கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு ஊருக்கே கட்டளை போடுகிறான்.

“வாயப் பொத்திக்கிட்டுக் கயித்த விடு” என்றார்.

மரத்தின் மேலிருந்து அக்கரை துலக்கமாகத் தெரிந்தது. தென்னை வரிசை, அதன் காலடியில் வெள்ளைக் கோடாக மணல். மூத்த மகள் இராசாத்தி வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் அது. தோணியில் ஏறினால் ஒரு வாய் வெற்றிலை சப்பி முடிவதற்குள் போய் இறங்கிவிடலாம். ஆனால் துறையை மூடிவிட்டார்கள். அக்கரையில் இராணுவம், இக்கரையில் இயக்கம், நடுவில் கிடக்கும் தண்ணீரில் தோணி இறக்கினால் சூடு. முந்தாநாள் அக்கரை வீதியில் கண்ணிவெடி வெடித்த பிறகு, மீன்பிடிக்கிறவர்கள்கூடத் தோணியைக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

மனைவி கண்ணகைக்கு முந்தாநாள் வெறும் காய்ச்சல்தான். நேற்று மூச்சு இழுக்கத் தொடங்கியது. துறை திறந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று வந்தவர்கள் எல்லாரும் மாறி மாறிச் சொன்னார்கள். அதைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது?

அவளுடைய அக்கா சீதேவிப்பிள்ளைதான் பிடிவாதமாக நின்றாள். தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, வந்திருந்த அத்தனை பேரும் கேட்கச் சொல்லிவிட்டாள்.

“மூத்த புள்ளைக்குத் தெரியாம தாயத் தூக்க நான் விடமாட்டன். வரத்தான் ஏலா. அவள் கேக்கவும் ஏலாதா? மச்சான், நீங்க ஊரூரா லவுட்ஸ்பீக்கர் கட்டின மனிசன்தானே? ஊரான் செத்ததுக்கெல்லாம் அறிவிச்சீங்களே, உங்கட வீட்டுச் சாவ அறிவிக்க மாட்டீங்களா?”

அருமைநாயகம் எழுந்துபோய் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம், பிரேதத்தை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. பொழுது சாய்ந்தால் ஷெல் வந்து விழும். அதற்கு முன்னால் அக்கரையில் ஒருத்திக்குத் தாய் இல்லை என்பது தெரிந்தாக வேண்டும். தாயை மண்ணில் வைத்து எத்தனையோ நாள் கழிந்த பிறகு, துறை திறந்து யாரோ ஒரு வழிப்போக்கன் சொல்லி அவள் அறிந்தால், தகப்பன் என்று அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு காலத்தில் அவரிடம் ஆறு ஹோன் இருந்தது. தொண்ணூறில் ஊரைவிட்டு ஓடியபோது நாலு போயிற்று. மீதி இரண்டில் ஒன்றின் வயிற்றை ஷெல் துண்டு கிழித்துவிட்டது. மின்சாரம் இந்தக் கரையில் நின்றுபோய் வருடக்கணக்காகிறது. டோர்ச்சுக்குப் போடும் பற்றரியைக்கூடச் சோதனைச் சாவடியில் பறித்துவிடுகிறார்கள். பக்கத்து வளவுக்காரர் கேட்காமலேயே தன் டிரக்டரின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதுவும் கிழடு.

அவர் மரத்திலிருந்து இறங்கியதும் கோணாமலை தொடங்கினான்.

“ஒண்டா? ஒரு ஹோன் எங்க அத்தான் காணும்? கோயில்ல மூண்டு சும்மா கிடக்கு, எடுத்து வந்திட்டன். எல்லாத்தையும் கொளுவினா அக்கரை ஆமி முகாமே எழும்பும்.”

கோயில் ஹோன்கள் மூன்றும் வேப்பமரத்தடியில் பளபளவென்று கிடந்தன. வருடா வருடம் அம்மன் சடங்குக்கு முன்னால் ஹோன்களுக்கு வெள்ளிப் பூச்சு அடிப்பது கோயில்காரர்களின் வழக்கம். பூசுகிறவர்கள் அவற்றின் முதுகில் மின்தடை அளவு பொறித்து ஒட்டியிருக்கும் தகட்டையும் சேர்த்தே பூசிவிடுவார்கள். எந்த ஹோன் எத்தனை ஓம்ஸ் என்பது இப்போது அம்மனுக்குத்தான் தெரியும்.

“எத்தின ஓம்ஸ் எண்டு தெரியாத சாமான என்ட லைன்ல கொளுவாத. அளந்து பாக்க மீற்றருக்கும் பற்றரி இல்ல” என்றார் அருமைநாயகம்.

அவருடைய அம்பிளிபயரின் பின்பக்கத்தில் நாலு, எட்டு, பதினாறு என்று எழுதிய மூன்று திருகாணிகள் இருந்தன. ஹோனின் எண்ணும் திருகாணியின் எண்ணும் பொருந்த வேண்டும். பதினாறு ஓம்ஸ் ஹோன் ஒன்றை மட்டும் கட்டினால் பதினாறில் கொடுக்க வேண்டும். அதே மாதிரி இரண்டை அருகருகே கொளுவினால் எட்டில், நாலைக் கொளுவினால் நாலில். வாய் கூடக் கூட எண் இறங்கும், எண் இறங்க இறங்க அம்பிளிபயருக்குப் பாரம் ஏறும். முதன்முதலாகக் கேட்கிற எவருக்கும் இது தலைகீழாகத்தான் படும். கோணாமலைக்கு இத்தனை வருடமாகத் தலைகீழாகவே பட்டுக்கொண்டிருக்கிறது.

கண்ணகைக்கு மட்டும் கல்யாணம் கட்டிய புதிதிலேயே விளங்கிவிட்டது. “ஒரு பானைச் சோத்துக்கு எத்தின கோப்பை நீட்டினாலும் சோறு அவ்வளவுதானே. அள்ளுறவட கைதான் உளையும்” என்றாள். அவருக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறெவருக்கும் அவர் அதை வேறு விதமாகச் சொன்னதில்லை. எந்த ஊரில் ஒலிபெருக்கி கட்டினாலும் ஊரின் கடைசி வீடு வரைக்கும் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வருகிறவளும் அவள்தான். “சத்தம் வருது, ஆனா வசனம் விளங்கல்ல” என்று வந்து சொன்னாளென்றால் அவர் மறுபேச்சில்லாமல் ஹோனைத் திருப்பிக் கட்டுவார். இன்றைக்கு அக்கரைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்ல ஆளில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். குளிப்பாட்ட எடுக்கப்போகிறார்கள், கணவன் எண்ணெய் வைக்க வேண்டும். அருமைநாயகம் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். கண்ணகையின் நெற்றி குளிர்ந்திருந்தது. இரவு முழுக்கக் கொதித்த நெற்றி அது. விரலால் எண்ணெயைத் தொட்டு அவளுடைய வகிட்டில் வைத்தபோதுதான் அந்த நாற்றம் மூக்கில் அடித்தது. சாம்பிராணி இல்லை. செப்புக்கம்பியின் அரக்கு சூடேறுகிற நாற்றம்.

எண்ணெய்க் கிண்ணத்தைச் சீதேவிப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினார். கணவன்காரன் இப்படி ஓடுகிறானே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கோணாமலை மூன்று கோயில் ஹோன்களையும் அவருடைய ஹோனோடு சேர்த்து ஒரே கம்பியில் முறுக்கி, சோதித்துப் பார்க்கிறேன் என்று சுவிட்சையும் போட்டிருந்தான். அம்பிளிபயர் ஒருதரம் உறுமிவிட்டு அடங்கிப்போயிருந்தது.

அருமைநாயகம் கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார். பெட்டியின் மேல் கையை வைத்தார், சுட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். பியூஸ் முந்திக்கொண்டு போயிருந்ததால் உள்ளே பெரிய சேதமில்லை.

“உனக்கு எத்தின தரம்டா சொல்ற...” என்று திரும்பினார். அவ்வளவு பெரிய ஆம்பிளை வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான்.

“அக்காட செத்தவீடு அத்தான்... சத்தமா இரிக்கட்டும் எண்டுதான்...”

“சத்தம் இல்லடா வேணும். புள்ளைக்கு வசனம் விளங்கணும்” என்றார் அவர். “எழும்பு. அந்த வயர்த்துண்ட எடு.”

மாற்றுப் பியூஸ் இல்லை. வயர்த்துண்டை உரித்து அதிலிருந்து ஒரேயொரு செப்பு நூலைப் பிரித்து எடுத்தார். இரண்டு நூலாக வைத்தால் அறாது என்றான் கோணாமலை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அறாதுதான், ஆனால் பிறகு அறுகிறது அம்பிளிபயராக இருக்கும். அருமைநாயகம் ஒற்றை நூலையே சுற்றினார். தன்னுடைய ஹோன் ஒன்றை மட்டும் பதினாறில் முடுக்கினார். வாய் ஒன்றுதான், உள்ள பலமெல்லாம் அதற்கே போகட்டும்.

இயக்கத்துப் பொடியன்கள் இரண்டு பேர் வந்து வேலியோரம் நின்றார்கள். பிரேதத்தை எட்டிப் பார்த்தார்கள், ஹோனைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.

மைக்கைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் முகாமுக்குத்தான் சொன்னார். அரிசி ஆலையில் வேலை செய்த காலத்தில் பழகிய அரைகுறைச் சிங்களம். “அம்மா கெனெக் மெரிலா. வெடி தியன்ன எப்பா.” ஒரு தாய் இறந்துவிட்டாள், சுடவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. காற்று முதுகுப்பக்கமிருந்து நேராக அக்கரைக்கு வீசியது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்கு வாய்த்த உதவி.

பிறகு மகளிடம் பேச வேண்டும். எத்தனையோ சாவுகளை அறிவித்த வாய் அது. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாருமான என்று தொடங்கினால் தானாக ஓடும்.

“கண்ணகை...” என்றார். “அருமைநாயகத்தின் அன்பு மனைவியும், இராசாத்தியின்...” அதற்கு மேல் அந்தத் தமிழ் வரவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இராசாத்தி. மனே. அப்பா கதைக்கிறன். அம்மா போயிற்றா. விடியப்புறம் போயிற்றா. நோவு ஒண்டும் கனக்க இல்ல மனே. வெயில் ஏற முதல் எடுக்கப்போறம். தோணியக் கீணிய இறக்கிப்போடாத, சுடுவானுகள். அங்கேயே இரி. புள்ளையளக் குளிக்க வார்த்துவிடு. அம்மா போயிற்றா மனே.”

சொன்னதையே இன்னொரு தரமும் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு.

சீதேவிப்பிள்ளை எழுந்து வந்து மைக்கைக் கேட்டாள். வாயோடு ஒட்டிப் பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினாள், ஹோன் கரகரத்தது. அருமைநாயகம் அவளுடைய கையைப் பிடித்து மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். அவள் அழுகையை நிறுத்தாமலே முறைத்துப் பார்த்தாள். ஆனால் தள்ளித்தான் பிடித்தாள். தங்கச்சியின் சீரையும் சிறப்பையும், பெற்ற பிள்ளையின் வாய்க்கரிசிக்கு அவள் கொடுத்துவைக்காததையும் அந்தக் குரல் தண்ணீரின் மேலே இழுத்துக்கொண்டு போனது. நடுவில் பற்றரி களைத்தது. குரல் மெலிந்து மெலிந்து கடைசியில் மரத்தில் கட்டிய ஹோனில் எதுவும் இல்லை, இவள் வாயில் மட்டும் இருந்தது.

எல்லாரும் கரைக்கு வந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கேட்டிருக்குமா மச்சான்?” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“தெரியா.”

“திருப்பி ஒரு கூப்பாடாவது...”

“இந்தக் காத்துக்கு அங்கால இருந்து இங்கால வராது” என்றார் அருமைநாயகம். தொழில் தெரிந்தவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். உள்ளே அவருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. எல்லாம் கச்சிதமாகக் கொளுவி, பொருந்தவேண்டியதெல்லாம் பொருந்தி, கடைசியில் கேட்டதா இல்லையா என்று சொல்ல ஒருவர் இல்லை. அவர் போய்க் குளித்துவிட்டு வந்தார். வாய்க்கரிசி போட்டார்கள். மூத்தவளுக்கென்று ஒரு பிடி அரிசியைச் சீதேவிப்பிள்ளை தன் கையால் போட்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் வேலிப் படலையோடு நின்றுவிட்டார்கள், அதற்கு அப்பால் அவர்கள் வருவதில்லை. இடுகாட்டுக்கு வாவியோரமாகவே வடக்கே போகவேண்டும். முன்னால் பறை, பின்னால் பாடை, அதன் பின்னால் அருமைநாயகம் தலை குனிந்து நடந்தார். கோணாமலை முன்காம்பில் தோள் கொடுத்திருந்தான்.

பாதி வழியில் அவன்தான் சொன்னான்.

“அத்தான். அங்கால பாருங்க.”

அக்கரை மணலில் ஒரு சிறு கூட்டம். இன்னார் என்று தெரியாத தூரம். முன்னால் வருவது பெண் என்று நடையில் மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு உருவங்கள், அதற்குப் பின்னால் இன்னும் சிலர். தண்ணீர் விளிம்போடு அவர்களும் வடக்கே நடந்துகொண்டிருந்தார்கள். இங்கே பாடை கொஞ்சம் விரைந்தால் அங்கேயும் விரைந்தார்கள். இங்கே தோள் மாற்றத் தாமதித்தால் அங்கேயும் தாமதித்தார்கள்.

அருமைநாயகம் பாதையைப் பார்க்கவில்லை. தடுக்கி விழப்போனவரை யாரோ பிடித்துவிட்டார்கள்.

இடுகாட்டுக்குக் கிட்ட, அக்கரையில் கண்டல்காடு தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது. கரையோடு போக வழியில்லை, உள்ளே போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். அந்தப் பெண் காட்டுக்குள் நுழைந்தாள். சின்ன உருவங்களும் நுழைந்தன. பிறகு அக்கரையில் ஒருவரும் இல்லை.

“நில்லுங்க” என்றார் அருமைநாயகம்.

சுமந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கிய பாடையை வழியில் நிறுத்துகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

“இறக்க வேணாம். அப்பிடியே நில்லுங்க. அவள் சுத்தி வரணும்.”

பறை அடித்தவர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கோணாமலை கால் மாற்றி நின்று, காம்பை மற்றத் தோளுக்கு எடுத்துக்கொண்டான். கண்டல்காட்டின் மறுமுனையில் எல்லாருடைய கண்ணும் இருந்தது. முதலில் சின்ன உருவம் ஒன்று வெளியே வந்தது, பிறகு மற்றது. கொஞ்சம் பொறுத்து, முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள்.

“ம், நடங்க” என்றார்.