அவளின்ர முன்பாதி

அந்தச் சாமானை இப்பவும் மாதா படத்துக்குக் கீழதான் வைச்சிருக்கிறன். ஒரு லைற்றர் அளவுதான், கறுப்பு, முகத்தில சின்னக் கண்ணாடி. எம்பித்திரி எண்டு சொல்லுவினம், பாட்டுக் கேக்கிற சாமான். இப்ப அது ஒண்டும் சொல்லாது. முகாமில வாற போற சனம், "உதை என்னத்துக்கு யூலிற்றாக்கா செப மேசையில வைச்சிருக்கிறியள், பழுதாப்போனதை எறியுங்கோவன்" எண்டு கேக்கேக்க எனக்கு உச்சியில ஏறும். "உங்கட வீட்டுக் குப்பையை முதல் எறிஞ்சிட்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போடுவன். கரையில நிண்டு மீன் வித்த வாய், அப்பிடித்தான் வரும்.

அதை அனுப்பினது என்ர மனுசன் பேதுருவின்ர தம்பி, பிரான்ஸிலயிருந்து. நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, வந்து சேர்ந்துது. பாட்டுப் போடவும் ஏலும், எங்கட குரலைப் பிடிக்கவும் ஏலும். பாட்டை ஆர் கேட்டது? எங்கட மகள் ஆன்சலா அதைக் கையில எடுத்தவள்தான், பேந்து ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. பதினொரு வயசு. என்ர வாய், தேப்பன்ர கண்.

எங்கட வீட்டில பின்னேரச் செபமாலையை அவள்தான் சொல்லுவிப்பாள். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், கேளுங்கோ. செபமாலையில ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம். அதின்ர முன்பாதியை ஒராள் சொல்ல, மற்ற எல்லாரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்லி முடிக்கவேணும். முன்பாதிக்கு ஆள் இல்லையெண்டால் மற்றவை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

தேப்பன் கடலுக்குப் போற நாளில செபத்துக்கு இல்லையெண்டு அவளுக்கு ஒரே மனவருத்தம். நத்தார் பின்னேரம் அந்தப் பெட்டியை வாய்க்குக் கிட்டப் பிடிச்சு, பத்துச் செபத்தின்ர முன்பாதியை மட்டும் சொல்லிப் பதிஞ்சாள். ஒவ்வொண்டுக்கும் பின்னால இடம் விட்டு விட்டுச் சொன்னாள். "அப்பா, கடலில நிண்டும் நீங்கள் மிச்சத்தைச் சொல்லவேணும், அதுக்குத்தான் இடம் விட்டிருக்கிறன்" எண்டாள். நாலாவதில நாய் குலைக்கும். அவள் "சீ, பேசாமக் கிட" எண்டு ஏசிப்போட்டுத் திருப்பித் தொடங்குவாள். ஏழாவதில ஒரு இருமல். கடைசியில "தோத்திரம் அப்பா" எண்டு முடியும். செபம் முடிஞ்சால் எங்கட பிள்ளையள் தாய் தேப்பனுக்கு முன்னால வந்து நிண்டு தோத்திரம் சொல்லுங்கள், நாங்கள் நெத்தியில சிலுவை போட்டு விடுவம். அதுதான்.

அடுத்த நாள் ஞாயிறு. ஞாயிறில கடலுக்குப் போகாத மனுசன், நத்தாருக்கு முதல் விட்ட வலை பழுதாப்போகுமெண்டு விடியமுதல் தோணியைத் தள்ளினார். பிள்ளை அந்தப் பெட்டியைப் பொலித்தீன் பைக்குள்ள சுத்தி அவரின்ர சேட் பொக்கற்றுக்குள்ள வைச்சு விட்டாள். விடிய வெளிக்கிட்டுப் பூசைக்குப் போனாள். பேந்து கடல் ஊருக்குள்ள வந்துது. ஆழக்கடலில நிண்ட அவருக்கு ஒண்டும் தெரியேல்லை. நான் தண்ணியோட உருண்டு ஒரு வேப்பமரத்தில தங்கினனான். பிள்ளையை எடுக்கேல்லை. ஒரு சட்டைத் துண்டுகூட எடுக்கேல்லை. அவளுக்கெண்டு ஒரு குழி எங்கயும் இல்லை.

முள்ளியவளைப் பக்கம் முகாமில ஒரு கொட்டில் தந்தினம். பேதுரு கதைக்கிறதை விட்டிட்டார். சாப்பிடுறியளோ எண்டு கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆனா பின்னேரம் முகாமில கட்டின ஓலைக் கோயிலில மணி அடிச்சால் உடனே பொக்கற்றுக்குள்ள கை போகும். பெட்டியை ஒரு சின்ன ஸ்பீக்கரில கொழுவி நடுவில வைப்பார். ஆன்சலா முன்பாதி சொல்லுவாள், நாங்கள் ரெண்டுபேரும் பின்பாதி சொல்லுவம். நாள் முழுக்க அந்த மனுசன்ர வாயில வாற சத்தம் அது ஒண்டுதான். அந்தக் குரல் இல்லாட்டி எனக்குப் பிள்ளையும் இல்லை, மனுசனும் இல்லை. இதை நான் ஆருக்கு விளங்கப்படுத்த?

கொஞ்சக் காலம் போக, பெட்டி குழப்படி செய்யத் தொடங்கிச்சுது. ஏழாவதில, அவள் இருமுற இடத்தில, அப்பிடியே நிண்டிடும். பற்றறியைக் கழட்டிப் போட்டால்தான் திரும்பத் தொடங்கும். தம்பிக்காரனிட்டை ரெலிபோனில கேட்டன். "அதை ஓட்டுற சொவ்ற்வெயர் பழசு அண்ணி, புதுசு ஏத்தினால் சரிவரும்" எண்டான். முகாமுக்குப் பக்கத்தில, தண்ணீரூற்றில, றிஸ்வான் எண்டு ஒரு பெடியன் கொம்பியூட்டர்க் கடை வைச்சிருந்தவன். புத்தளத்து அகதி முகாமில வளந்து, சமாதானம் எண்டவுடன ஊருக்குத் திரும்பி வந்தவன். நல்ல பொறுமைசாலி. என்ர வாயையே தாங்கினவன் எண்டால் பாருங்கோவன். வவுனியாவில ஆரையோ பிடிச்சு அந்தப் புதுச் சொவ்ற்வெயரை ஒரு சீடியில எடுத்துக்கொண்டு வந்தான். நானும் பேதுருவும் பெட்டியைக் கொண்டு கடைக்குப் போனம்.

முதல்ல அவளின்ர குரலைத் தன்ர கொம்பியூட்டருக்குள்ள ஒரு கொப்பி எடுத்து வைக்கத்தான் பார்த்தான். அதுவும் அந்த இருமலில வந்து நிண்டிட்டுது. திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதே இடம். "அக்கா, கொப்பி எடுபடுதில்லை. புதுசை ஏத்தினால் சிலவேளை எடுபடும். ஆனா எனக்குப் பயமாத்தான் இருக்கு. என்ன செய்ய?" எண்டு கேட்டான். பேதுருவைப் பார்த்தன். அவர் தலையாட்டினார்.

வயரைக் கொழுவி ஏத்தத் தொடங்கினான். திரையில ஒரு பச்சைக் கோடு மெள்ள மெள்ள ஊர்ந்துது. "கோடு முடியுமட்டும் ஆரும் தொடப்படாது அண்ணை, இடையில கழட்டினால் சாமான் செத்துப்போகும்" எண்டு பேதுருவுக்கு வடிவா எடுத்துச் சொன்னான். அந்த நேரம் பள்ளிவாசலில பாங்கு கேட்டுது. மஃரிப் தொழுதிட்டு ஓடி வாறன் எண்டு பின்னறைக்குப் போனான். நான் வாசலுக்கு வந்து, சைக்கிளில போன ஒருத்தரிட்டைக் கரைச் செய்தி கேட்டுக்கொண்டு நிண்டன். பாங்கு ஓய, எங்கட ஓலைக் கோயில் மணி அடிச்சுது.

திரும்பிப் பார்க்கிறன், பேதுரு எழும்பி நிக்கிறார். கை வழமைபோல பொக்கற்றுக்குப் போச்சு. பொக்கற்றில ஒண்டும் இல்லை. பெட்டி மேசையில கிடக்கு. வயரை இழுத்துக் கழட்டிக் கையில எடுத்துப்போட்டார். மணி அடிச்சால் பிள்ளையை எடுக்கவேணும், அந்த மனுசனுக்கு அது ஒண்டுதான் தெரியும்.

பச்சைக் கோடு பாதியில நிண்டுது. பெட்டியின்ர கண்ணாடி கறுத்துப்போச்சு. பொத்தானை அமத்தினார், ஒண்டும் இல்லை. திருப்பி அமத்தினார். பேந்து என்னைப் பார்த்தார். வலையெண்டு சொல்லி அந்த ஞாயிறு கடலுக்குப் போனாரே, அண்டையிலயிருந்து எனக்குள்ள கிடந்த கதை முழுக்க நாக்கு நுனிக்கு வந்துது. அவரின்ர கையைப் பார்த்தன். கயிறு இழுத்துத் தடிச்ச கை, அந்தச் சின்னப் பெட்டியைப் பிடிச்சபடி இன்னும் பொத்தானை அமத்திக்கொண்டிருந்துது. நான் கதையை விழுங்கிப்போட்டன்.

றிஸ்வான் தொழுதுபோட்டு வந்து பார்த்தான். ஒரு சொல்லும் ஏசேல்லை. பொத்தானை அமத்திப் பிடிச்சபடி வயரைக் கொழுவிப் பார்த்தான். பற்றறியை மாத்திப் பார்த்தான். மற்றக் கொம்பியூட்டரிலயும் போட்டுப் பார்த்தான். அப்பிடி ஒரு சாமான் கொழுவியிருக்கெண்டே அதுகள் காட்டேல்லை. பேந்து ஒருநாள் வவுனியாவுக்குப் போகேக்க வந்து, "தாங்கோ அக்கா, அங்க ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான், காட்டிக்கொண்டு வாறன்" எண்டான். குடுத்து விட்டன். வழியில சோதனைச் சாவடியில நிக்கிறவங்கள் இது என்னெண்டு கழட்டிப் பார்ப்பாங்களோ எண்டு அண்டைக்கு முழுக்க முகாம் வாசலிலயே நிண்டன்.

அவன் வருமட்டும் கொட்டிலில செபம் இல்லை. மணி அடிக்கும். பேதுருவின்ர கை பொக்கற்றுக்குப் போகும், வெறுங்கையாத் திரும்பி வரும். ஒருநாள் நானே தொடங்குவம் எண்டு வாயைத் திறந்தன். ஆன்சலா சொல்லவேண்டிய சொல்லு என்ர வாயில வரமாட்டன் எண்டிட்டுது. அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

றிஸ்வான் திரும்பி வந்தான். கதிரையில இருக்கச் சொன்னன், இருக்கேல்லை.

"எழுப்பலாமாம் அக்கா. ஆனா எழுப்புறதெண்டால் உள்ளுக்குக் கிடக்கிற எல்லாத்தையும் முதல்ல அழிக்கவேணுமாம். அழிச்சால் புதுசு மாதிரி வேலை செய்யுமாம்."

"அழிக்காட்டி?"

"இப்பிடியே கிடக்கும். பிள்ளையின்ர குரல் உள்ளுக்குத்தான் இருக்குமாம், வெளிய எடுக்கத்தான் அவனுக்கு வழி தெரியேல்லை. உங்களைக் கேக்காமச் செய்யப்படாது எண்டு நான் திருப்பிக் கொண்டு வந்திட்டன்." அவன்ர கண்ணும் கலங்கிப்போச்சு.

நான் அவனிலதான் பாய்ஞ்சன். "வேலை செய்யிற வெறும் பெட்டி எனக்கு என்னத்துக்கு, பாட்டுப் போட்டு ஆடவோ" எண்டு கத்தினன். பாவம், அவன் என்ன செய்வான்.

அப்பதான் பேதுரு வாயைத் திறந்தார். மாசக்கணக்காச் செபத்தைத் தவிர ஒண்டும் சொல்லாத மனுசன்.

"அழிக்க வேண்டாம் தம்பி. அவள் அதுக்குள்ளயாவது கிடக்கட்டும்."

றிஸ்வான் பெட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சு அவரிட்டைக் குடுத்திட்டுப் போனான்.

அண்டைக்குப் பின்னேரமும் மணி அடிச்சுது. பேதுரு ஸ்பீக்கரை எடுக்கேல்லை. பெட்டியை மட்டும் நடுவில வைச்சிட்டு முழந்தாளில நிண்டார். நானும் பக்கத்தில நிண்டன். ஆர் தொடங்கிறது? ஒருத்தரும் தொடங்கேல்லை. பேசாம நிண்டம். பேந்து ரெண்டுபேரும் ஒண்டா, ஒரே மூச்சில, பின்பாதியைச் சொன்னம். கடவுளாணை, ஆளையாள் பார்க்கக்கூட இல்லை. அவள் முன்பாதி சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு எங்களுக்குள்ள ஊறிக் கிடந்திருக்கு.

அப்பிடியே ஒவ்வொண்டாப் போச்சு. அவள் எங்களுக்கு இடம் விட்டவள், இப்ப நாங்கள் அவளுக்கு இடம் விட்டம். நாலாவதில அவள் நாயை ஏசுற நேரத்துக்கும் சேர்த்துப் பொறுத்து நிண்டம். ஏழாவது வர எனக்குப் பயம் பிடிச்சுது, பெட்டி நிண்டுபோற இடமெல்லோ. நிக்கேல்லை. அவள் இருமி முடிக்குமட்டும் பார்த்திருந்திட்டு ரெண்டுபேரும் சொல்லி முடிச்சம். எனக்கு அழுகைதான் வந்துது. அவரின்ர குரல் தெளிவா இருந்துது.

பத்தாவதும் முடிஞ்சு, அவள் தோத்திரம் சொல்லுற நேரமும் போச்சு. பேதுரு கையைத் தூக்கினார். எங்கட ரெண்டுபேருக்கும் முன்னால, ஆன்சலா வந்து நிண்டால் அவளின்ர நெத்தி எந்த உயரத்தில வருமோ அந்த உயரத்தில, வெறும் காத்தில சிலுவை போடப் போனார். போடேல்லை. கை கொஞ்சம் பொறுத்துது. பேந்து ரெண்டு விரல் அளவு மேல தூக்கிப் போட்டார்.

நான் அவரைப் பார்த்தன்.

"வளந்திருப்பாளெல்லோ" எண்டார்.